முதலாளியின் காரைக் கரையேற்றிய வருஷம்

1

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கொழும்பு காலி வீதியில், முதலாளியின் காரில் மைல் காட்டும் மீட்டரின் ஐந்து ஒன்பதுகளும் ஒன்றாகப் புரண்டு ஐந்து சைபர்கள் ஆயின. அது இரண்டாவது தடவை. அதாவது வண்டி இரண்டு லட்சம் மைல் ஓடிவிட்டது. முதல் தடவை புரண்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. வண்டியை ஓரங்கட்டி ஒரு பிளேன்டீ வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனேன். இந்தத் தடவை மீட்டரைப் பார்க்காத மாதிரி ஓட்டிக்கொண்டே போனேன். நான் இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருஷம் முடிந்த வாரமும் அதுதான்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு வண்டியை அடையாளம் சொல்லிவிடுகிறேன். அங்கே அம்பாசடர் என்று ஓடுகிறதே, அதன் அண்ணன் இது. இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்தது. என்ஜின் அச்சு அசலாக ஒன்றுதான். பதினான்கு வருஷமாக நான்தான் ஓட்டுகிறேன். புறக்கோட்டையில் இருக்கிற ஜவுளிக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தினமும் ஓடும். மாதத்துக்கு இரண்டு தடவை கண்டி, குருநாகல் என்று சரக்குக் கட்டோடு மலையேறும். இப்போது ஏற்றத்தில் நீலப்புகை விடுகிறது. சூடேறிவிட்டால் ஆயில் விளக்கு கண்ணைச் சிமிட்டுகிறது. மூன்றாம் கியர் தானாக நழுவுகிறது. என்ஜினுக்குள் யாரோ உலக்கை போடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கிறது.

பின்சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த முதலாளி தலையை நீட்டி மீட்டரைப் பார்த்தார். அவர் தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற கிராமத்தில் பிறந்தவர். நான் தூத்துக்குடி கடற்கரையில் தோணிக்காரக் குடும்பத்தில் பிறந்தவன். ஊரில் இருந்திருந்தால் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டோம். அவருக்கு இந்த நாட்டின் பதிவுப் பிரஜை என்ற காகிதம் எப்போதோ கிடைத்துவிட்டது. எனக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும், வருஷா வருஷம் புதுப்பிக்கிற விசாவும்தான். அதைப் புதுப்பிக்க, "இவர் என்னிடம் டிரைவராக வேலை பார்க்கிறார், இவர் எனக்குத் தேவை" என்று முதலாளி கடிதம் தரவேண்டும். ஆகஸ்ட் கடைசியோடு இந்த வருஷத்து விசா முடிகிறது.

முதலாளி பேப்பரை மடித்து வைத்தார். "மிக்கேலு, வண்டி ஓடுற வரைக்கும் நீ டிரைவரு. நின்னு போச்சுன்னா எதைச் சொல்லி உனக்கு லெட்டர் தர?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. என் மனைவி பிலோமினா நீர்கொழும்பில் பிறந்தவள், இந்த நாட்டுப் பிரஜை, அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் ஒரே மகள் ஸ்டெல்லாவுக்குப் பதினைந்து வயது, சிங்களத்தில் படிக்கிறாள். வண்டி நின்றால் எனக்கு லெட்டர் இல்லை. லெட்டர் இல்லையென்றால் விசா இல்லை. விசா இல்லையென்றால் அவர்கள் இங்கே, நான் அங்கே. நான் குடும்பத்தோடு இருப்பதும் இல்லாததும் ஒரு கிழட்டு என்ஜின் கையில் இருந்தது.

2

இறக்குமதி நின்று வருஷக்கணக்காகிறது. புதுக் கார் வராது, பழைய காருக்குச் சாமானும் வராது. பாணுக்கே, அதாவது ரொட்டிக்கே, விடியற்காலை வரிசையில் நிற்கிறோம், பிஸ்டனுக்கு எங்கே போய் நிற்பது? கொழும்பில் உள்ள மெக்கானிக்குகள் மந்திரவாதிகளாகிவிட்டார்கள். செத்த லாரியின் எலும்பை எடுத்து உயிரோடு இருக்கிற காருக்கு வைக்கிறார்கள்.

எங்கள் வண்டியைப் பார்க்கிற சிறிசேன பாஸ் அப்படி ஒருவர். இங்கே கைத்தொழில்காரர்களை பாஸ் என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவர் வண்டிக்கு அடியில் படுத்து, வெளியே வந்து, கையைத் துடைத்துவிட்டு ஒரு திட்டம் சொன்னார். முதலில் பிரேக்கும் ஸ்டியரிங்கும். நிற்கத் தெரியாத வண்டிக்கு நல்ல என்ஜின் எதற்கு என்று கேட்டார். அதை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு சக்கரமாகச் செய்துகொள்ளலாம், வண்டி நிற்க வேண்டியதில்லை. அடுத்து கிளச்சும் கியர்பாக்ஸும். என்ஜினைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். அதுவும் புதுப் பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும் தன் மேசை மேல் வந்து உட்கார்ந்த பிறகுதான் திறக்க வேண்டும் என்று விரலை ஆட்டிச் சொன்னார். தேய்ந்த என்ஜினும் ஓடும், பிரித்த என்ஜின் ஓடாது என்பது அவருடைய கணக்கு.

நான் கேட்டேனா? கேட்கவில்லை. சாமானுக்கு நான் வழி வைத்திருந்தேன். என் அத்தை மகன் வியாகுலம் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வருகிற தோணி ஒன்றில் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவன். அம்பாசடர் சாமான் அங்கே கடையில் தொங்குகிறது. அதைத் தோணியில் கொண்டுவருவது சட்டப்படி சரிதானா என்று என்னைக் கேட்காதீர்கள். சொந்தக்காரனுக்குக் கருவாடு கொண்டுவருகிற மாதிரி கொண்டுவருவான். நாற்பது சைஸ் என்கிற கொஞ்சம் பெரிய பிஸ்டன் நான்கும் மற்ற சாமான்களும் வாங்கியாகிவிட்டது, ஏப்ரல் கடைசி நடையில் வருகிறேன் என்று எழுதியிருந்தான்.

அந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் நான் பறக்க ஆரம்பித்தேன். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். தோணிக்காரன் பிள்ளைக்கு மே மாதம் வந்தால் கை சும்மா இருக்காது. மே பாதியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிக் கடல் அடைத்துக்கொள்ளும். தோணிகள் எல்லாம் கரையேறும். மூன்று மாதத்துக்குக் கரை முழுக்க மரச்சுத்தியல் சத்தம்தான். அரைகுறை வேலை அங்கே கிடையாது. கரையேற்றினால் முழுத்தோணியும் பிரித்து மேய வேண்டும். செத்த ஆணி எல்லாவற்றையும் பிடுங்கி, பலகை இடுக்கெல்லாம் பஞ்சு திரித்து அடைத்துக் கலப்பத்து அடித்து, மேலே மீன் எண்ணெய் பூசி, பிறகுதான் தண்ணீரைக் காட்டுவார்கள். பழுது பார்க்கிறது என்றால் என் உடம்புக்குத் தெரிந்தது அதுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சக்கரம் என்று பாஸ் சொன்னது எனக்கு ஒட்டுப்போடுகிற வேலையாகப் பட்டது.

முதலாளியிடம் போய், "மூணு வாரம் குடுங்க அண்ணாச்சி, புது வண்டியாத் தாரேன்" என்றேன். சரி என்றுவிட்டார். பிறகு நானும் பாஸும் என்ஜினைத் தூக்கி இறக்கிக் கடைசி போல்ட் வரைக்கும் பிரித்தோம். பாஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஸ்பேனரைப் பிடித்தார். சிலிண்டர் பிளாக்கை லேத்துக்கு அனுப்பி நாற்பது சைஸுக்குக் குடைந்து வாங்கச் சொன்னேன். அந்த ஒரு வேலையையாவது நிறுத்து என்று அவர் கெஞ்சாத குறைதான். குடைந்துவிட்டால் பழைய பிஸ்டன் அதில் நிற்காது. பழையபடி கோத்து ஓட்ட முடியாது. நான் தலையை ஆட்டிவிட்டு அனுப்பினேன்.

மே பத்தாம் தேதி வியாகுலத்தின் கடிதம் வந்தது. கச்சான் இந்த வருஷம் முந்திக்கொண்டது, பாதி வழி வந்தவர்கள் பாய் கிழிந்து திரும்பிவிட்டார்கள், பிஸ்டன் அவன் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, இனி செப்டம்பரில்தான் தோணி என்று எழுதியிருந்தான்.

கடிதத்தை வைத்துக்கொண்டு கராஜின் தகரக் கதவோரம் உட்கார்ந்துவிட்டேன். கடல் அடைத்த காலத்தில் பழுது பார்க்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு, கடல் அடைத்தால் சாமான் வராது என்று தெரியவில்லை. ஊரில் மரமும் ஆணியும் எண்ணெயும் கரையிலேயே கிடைக்கும். இங்கே எனக்கு வேண்டியது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. என்னைப் போல ஒரு முட்டாளை நான் பார்த்ததில்லை என்று அன்றைக்கு எனக்கே தோன்றியது.

3

முதலாளி வாடகைக் காரில் கடைக்குப் போனார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. நான் கடையில் துணிக்கட்டு அடுக்கப் போனேன். அடுக்குவதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை, அலமாரிகள் பாதி காலி. வேலை செய்கிற பையன்கள் என்னை டிரைவர் ஐயா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

கார் இருந்தபோது முதலாளி அனுமதியோடு ஸ்டெல்லாவைச் சில நாள் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவேன். இப்போது நடந்து கூட்டிப்போனேன். நான் தமிழில் பேசப் பேச அவள் சிங்களத்தில் பதில் சொல்லுவாள். பள்ளிக்கூடத் தெருமுனை வந்ததும் போதும், இனி நான் போய்க்கொள்கிறேன் என்பாள். அவள் பிறந்தபோது தமிழ்ப் பள்ளிக்கூடம்தான் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். பிலோமினா வீட்டுப் பக்கம் எல்லாப் பிள்ளைகளும் சிங்களத்தில் சேர்ந்தாயிற்று, அவள் மட்டும் தனியாக நிற்பதா என்று கேட்டார்கள். விட்டுக்கொடுத்தேன். இப்போது அவள் சிங்களத்தில்தான் செபம் சொல்கிறாள், கணக்குப் போடுகிறாள், கோபப்படுகிறாள். தமிழை எனக்காக வைத்திருக்கிறாள், அதுவும் ஏதாவது வேண்டும் என்றால். நான் தெருமுனையில் நின்று அவள் கேட்டுக்குள் போகிறவரை பார்ப்பேன். ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

செப்டம்பர் வரை காத்திருக்க முடியாது. நானே போய் எடுத்துவர முடிவு செய்தேன். போவது பெரிய விஷயமில்லை. திரும்ப உள்ளே விடுவார்களா என்பதுதான் பயம். விசா முடிய மூன்று மாதம் இருக்கிற இந்தியன் வெளியே போனால், அப்படியே இருந்துகொள் என்று சொல்லிவிடலாம். திரும்பி வர அனுமதி என்று தனியாக ஒரு முத்திரை வாங்க வேண்டும். பிலோமினா முதலில் வேண்டாம் என்றாள். பிறகு, "போறதெண்டா முத்திரை கையில இருக்க வேணும். இல்லாமப் போனீங்கண்டா திரும்பி வர்ற எண்ணமில்லாமத்தான் போறீங்கண்டு நினைப்பன்" என்றாள்.

அந்த முத்திரைக்காக விசா ஆபீஸுக்கு ஐந்து வாரம் அலைந்தேன். முதல் நாளே காரியத்தைக் கெடுத்துக்கொண்டது என் சிங்களம். நான் அந்தப் பாஷையைக் கராஜில் படித்தவன். அங்கே ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே அதிகாரியைக் கூப்பிட்டுவிட்டேன், எங்கள் கரையில் ஏலே போடுகிற மாதிரி. அறையில் இருந்த எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் என் காகிதங்களை அடுக்கி, கிளிப் மாட்டி, அடுத்த வாரம் வா என்றார். அடுத்த வாரம் பிறப்புச் சான்றிதழ் கேட்டார். அதற்கு அடுத்த வாரம் பங்குச் சாமியார் கொடுத்த ஞானஸ்நானக் காகிதம் செல்லாது என்றார். எதற்காக ஊருக்குப் போகிறாய் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று முழித்தேன். பிஸ்டன் எடுக்க என்று எழுத முடியுமா? குடும்பத்தைப் பார்க்க என்று எழுதினேன். உன் குடும்பம் இங்கேதானே இருக்கிறது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஜூன் கடைசியில் முத்திரை விழுந்தது, பத்து நாளைக்கு மட்டும்.

4

தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, ரயில் மாறி மாறி, மணியாச்சியில் கடைசியாக ஒரு தடவை மாறித் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தபோது இரண்டு நாள் போய்விட்டது. ஆறு வருஷம் கழித்து வருகிறேன். வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேரே கடற்கரைக்குத்தான் போனேன். தோணிகள் வரிசையாகக் கரையேறி நின்றன. வியாகுலம் தன் தோணியின் வயிற்றுக்கு அடியில் உட்கார்ந்து கலப்பத்து அடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சுத்தியலைப் போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டான். ஆனால் நான் கதையைச் சொல்லி முடிக்கும்போது அவன் முகம் மாறிவிட்டது.

"சாமான் வரதுக்கு முந்தி எதுக்குலே பிரிச்ச? இங்கன எவனாவது அப்படிச் செய்வானா? ஆணி, பஞ்சு, எண்ணெய் எல்லாம் கரையில குமிச்ச பெறவுதான் ஒரு ஆணியப் பிடுங்குவோம். நீ என்னத்தப் பாத்து வளந்த?"

அவன் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்பா பங்குனியிலேயே மரக்கடைக்கும் ஆணிக்கடைக்கும் அலைய ஆரம்பித்துவிடுவார். வீட்டுக்குள் நடக்க இடமில்லாமல் பஞ்சு மூட்டையும் எண்ணெய்த் தகரமும் கிடக்கும். அம்மா அதற்காகச் சண்டை போடுவாள். அதெல்லாம் வேலையின் பாதி என்று எனக்கு அப்போது தெரியாது. நான் கண்டது வைகாசியில் கரையில் நடந்த கூத்தை மட்டும்தான். பாதியைப் பார்த்துவிட்டு முழுதும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு கடல் தாண்டி வந்து, இன்னொருத்தன் காரைப் பிரித்துப் போட்டிருக்கிறேன்.

பிஸ்டன்களை வியாகுலம் மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் பழைய பாய்த்துணியில் சுற்றி வைத்திருந்தான். கடற்காற்றில் அரித்துவிடக் கூடாதென்று சுறா எண்ணெயை ஊற்றி மூழ்கடித்திருந்தான். பிஸ்டன் அலுமினியம், துருப்பிடிக்காது என்று நான் சொல்லவில்லை. மணப்பாட்டிலிருந்து வரவழைத்த நல்ல எண்ணெய் என்று பெருமையாகச் சொன்னான். மூடியைத் திறந்தால் கரையே நாறியது.

கிளம்புகிற அன்று ஸ்டேஷன் வரை கூட வந்தான். புதுத் துறைமுகத்தில் லாரி ஓட்ட ஆள் தேடுகிறார்கள், தினமும் கேட்கிறார்கள் என்றான். "இங்கனயே இருந்திரேன்லே. ஒரு காருக்காவ எதுக்கு இப்படி அலையுத?"

"காருக்காவயா அலையுதேன்? பொண்டாட்டியும் பிள்ளையும் அங்கன இருக்குலே."

"கூட்டிட்டு வா."

"அவளுக்குக் கவர்மெண்டு வேலை. பிள்ளைக்குத் தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்க, சொல்லு."

அவன் தகரத்தைத் தூக்கிச் சீட்டுக்கு அடியில் தள்ளினான். ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து வந்தான். அழுகை வந்துவிட்டது எனக்கு. அந்த ஊரில் எனக்கு வேலை இருக்கிறது, பாஷை இருக்கிறது, கட்டிப்பிடிக்க ஆள் இருக்கிறது. நானோ அங்கிருந்து ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தேன்.

தலைமன்னார் சுங்கத்தில் தகரத்தைத் திற என்றார்கள். திறந்தேன். அதிகாரி இரண்டடி பின்னால் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு, என்ன இது என்று கேட்டார். மருந்து எண்ணெய் என்றேன். மூடு, மூடு என்று விரட்டினார். வியாகுலத்தின் எண்ணெயால் பிஸ்டனுக்குப் பிரயோஜனம் இல்லையென்றாலும் எனக்கு இருந்தது.

5

ஜூலையில் மூன்று வாரம் நானும் பாஸும் அந்த என்ஜினோடு கிடந்தோம். பிஸ்டனை மண்ணெண்ணெயில் நாலு தடவை கழுவியும் நாற்றம் போகவில்லை. பாஸ் இந்தத் தடவை சொன்னதற்கெல்லாம் நான் தலையாட்டினேன். பேரிங் பொருத்தினோம். வால்வை உட்கார்த்தித் தேய்த்தோம். பிரேக்கில் நான்கு சக்கரத்துக்கும் புது ரப்பர் போட்டோம். ஸ்டியரிங்கில் ஆட்டம் போயிற்று, மூன்றாம் கியர் தன் இடத்தில் நின்றது. ஆகஸ்ட் முதல் வாரம் சாவியைத் திருப்பினேன். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. புகை இல்லை, உலக்கைச் சத்தம் இல்லை. பானட் மேல் நிறுத்தி வைத்த தேநீர்க் கிளாஸில் தேநீர் அலுங்கவில்லை. பாஸ் என் முதுகில் ஒரு அறை வைத்தார். நான் கோயிலுக்குப் போய் இரண்டு மெழுகுதிரி ஏற்றினேன்.

மறுநாள் முதலாளியை ஏற்றிக்கொண்டு காலிமுகத்திடல் வரை மெதுவாகப் போனேன். குடைந்த என்ஜினை ஆரம்பத்தில் விரட்டக் கூடாது. கடலோரமாகப் போகும்போது அவர் ஜன்னலை இறக்கிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். நல்லாப் பண்ணிட்ட மிக்கேலு என்றார். லெட்டரை ஞாபகப்படுத்தினேன். திங்கட்கிழமை பார்ப்போம் என்றார். அன்று வீட்டில் மீன் குழம்பு. பிலோமினா சிரித்துப் பேசினாள். பல மாதத்துக்குப் பிறகு நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை முதலாளி வீட்டுக்குப் போனபோது வாசலில் காரின் பானட் திறந்திருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் என்ஜினை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டியில் டாக்டராம். புதுக் கார் வராத நாட்டில் நல்ல என்ஜின் உள்ள காருக்கு ஆள் வரிசையில் நிற்பார்கள் என்பது எனக்கு உறைக்காமல் போயிற்று. அவர் போன பிறகு முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பதினான்கு வருஷத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அது முதல் தடவை.

"கடையை மூடுதேன்லே. சரக்கு இல்ல, என்னத்த விக்க? மகள் வீட்டோட போய் இருந்துக்கிடலாம்னு பாக்கேன். இது ஓடாத வண்டியா இருந்தா எவனும் கேட்டுருக்க மாட்டான். நீ நல்லாப் பண்ணிட்ட, கேக்க ஆள் வந்துட்டு" என்றார். லெட்டர் தர முடியாது, மூடின கடைக்கு டிரைவர் எதற்கு என்று அந்த ஆபீஸில் கேட்பார்கள் என்றார். டாக்டரிடம் எனக்காகக் கேட்டதாகவும், அவரிடம் ஏற்கெனவே டிரைவர் இருப்பதாகவும் சொன்னார்.

அன்று பிற்பகல் வண்டியை பாஸின் கராஜுக்குக் கொண்டுபோனேன். அவர் சாப்பிடப் போயிருந்தார். நான் அடியில் படுத்து ஆயில் தேங்கும் சம்ப்பின் அடிநட்டில் ஸ்பேனரை மாட்டினேன். அரைச் சுற்றுத் தளர்த்தினால் போதும். ஒழுகி ஒழுகி, கண்டி ஏற்றத்தில் எங்காவது என்ஜின் இறுகி நின்றுவிடும். வண்டி ஓடாவிட்டால் வேலை இல்லை என்றார்கள், ஓடியதும் வண்டியே இல்லை என்கிறார்கள். கால் மணி நேரம் அப்படியே கிடந்தேன். பிறகு நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு வெளியே வந்தேன். நான் யோக்கியன் என்பதால் அல்ல. அந்த என்ஜினைக் கெடுக்க எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

மறுபடி விசா ஆபீஸுக்கு, அதே அதிகாரியிடம் போனேன். இந்தத் தடவை பிலோமினா சொல்லிக்கொடுத்த மரியாதைச் சிங்களத்தில் பேசினேன். வேறு இடத்தில் டிரைவர் வேலை கிடைத்தால் விசா தருவீர்களா என்று கேட்டேன். கார் ஓட்ட இந்த நாட்டிலேயே ஆள் இருக்கிறார்கள் என்றார். என் மனைவி இந்த நாட்டுப் பிரஜை என்றேன். பிரஜையைக் கட்டிய மனைவிக்குத்தான் அந்த உரிமை, கணவனுக்கு இல்லை என்று பொறுமையாக விளக்கினார். பிறகு பாஸ்போர்ட்டில் மூன்று மாதத்துக்கு முத்திரை குத்தினார். புறப்படுவதற்கு ஏற்பாடு செய்துகொள்ள என்று அதில் எழுதியிருந்தது. நன்றி என்றேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

6

காரை ஒப்படைப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை டாக்டர் ஆள் அனுப்பியிருந்தார். எத்தனை மைலுக்கு ஒரு தடவை என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தர முடியுமா, தன் டிரைவருக்குச் சிங்களம் மட்டும்தான் வாசிக்கத் தெரியும் என்று கேட்டிருந்தார். எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. பூசை முடிந்து வந்ததும் ஸ்டெல்லா தன் பள்ளிக்கூட நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். நான் போகிறேன் என்பது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் சிங்களத்தில் எழுதினாள். முதல் ஐந்நூறு மைலுக்கு முப்பது மைல் வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. ஐந்நூறில் ஆயிலை மாற்ற வேண்டும், சிலிண்டர் ஹெட்டின் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். ஆயிரத்துக்கு ஒரு தடவை முன்சக்கரத்துக்கு கிரீஸ். மூவாயிரத்துக்கு ஒரு தடவை ஆயில். ஆறாயிரத்தில் வால்வு இடைவெளி பார்க்க வேண்டும். இருபதாயிரத்தில் பிரேக் ரப்பர் எல்லாம் மாற்ற வேண்டும், ஒழுகும்வரை காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு வார்த்தைக்கும் அது என்ன, எங்கே இருக்கும், எதற்கு என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். பதினான்கு வருஷமாக நான் என்ன வேலை செய்தேன் என்று அவள் என்னிடம் கேட்டது அன்றைக்குத்தான். பக்கத்து அறையில் பிலோமினா என் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அறுபதினாயிரம் மைலில் என்ஜினை மறுபடி திறக்க வேண்டும். சாமான் எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும்" என்றேன். அவள் எழுதி, அடியில் கோடும் போட்டாள். பிறகு பேனாவை வைத்துவிட்டு, அறுபதினாயிரம் மைல் ஓட எத்தனை வருஷம் ஆகும் என்று சிங்களத்தில் கேட்டாள். டாக்டர் ஓட்டுகிற ஓட்டத்துக்கு ஐந்து வருஷம் ஆகும் என்றேன். அவள் விரல்விட்டு எண்ணினாள். தன் வயதைத்தான் எண்ணினாள் என்று நினைக்கிறேன். தாளைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, தமிழில் கேட்டாள்.

"அதுக்குள்ள நீங்க திரும்பி வந்திருவீங்கதானே?"

இஸ்திரிப் பெட்டிச் சத்தம் நின்றது. அடுத்த வரி எழுது, கியர்பாக்ஸ் ஆயில், பத்தாயிரத்துக்கு ஒரு தடவை என்றேன். அவள் பேனாவை எடுத்து எழுதினாள்.